பொலித்தீனின் பிறப்பு: கூட்டற் பல்பகுதியமாக்கலின் சமூக வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

1

இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர், ஒரு நூல் அதன் ஆசிரியனது தனித்த மேதைமையினின்றும் பிறந்தது என்று கூறி இன்று அமைதியடைவதில்லை. அந்நூல் தோன்றிய காலத்தின் நிலவுடைமை உறவுகள், புரவலர், வாசகர், அச்சுச் சாதனம் ஆகியவற்றைக் கணக்கிலெடுத்த பின்னரே அதன் தோற்றத்தை விளக்க முற்படுகின்றனர். ஆயினும் இயற்கை விஞ்ஞானத்தின் வரலாற்றுக்கு வரும்பொழுது இவ்வெச்சரிக்கையை நம்மிற் பலர் கைவிட்டுவிடுகின்றனர். மரத்தினின்று விழுந்த பழமும், அடுப்பிற் கொதித்த கேத்தலும் அங்கே போதிய விளக்கங்களாகக் கொள்ளப்படுகின்றன.

இன்று கடைத்தெருவிலும் சமையலறையிலும் வயலிலும் கடலிலும் காணப்படும் பொலித்தீன் பற்றியும் இத்தகைய கதையொன்று வழங்குகின்றது. 1933ஆம் ஆண்டில் பிரித்தானிய இரசாயனவியலாளர் இருவர் வேறெதனையோ தேடியபொழுது தற்செயலாக அதனைக் கண்டனர் என்பதே அக்கதை. நிகழ்ச்சியளவில் அது உண்மையே. ஆனால் அது எதனையும் விளக்குவதில்லை. தற்செயல்கள் ஆய்வுகூடங்களில் நாள்தோறும் நிகழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை குறிப்பேடுகளில் மறைந்துபோக, ஒரு சில மட்டும் உலகையே நிரப்பும் பொருள்களாவது ஏன் என்பதே வரலாற்றாசிரியன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

கூட்டற் பல்பகுதியமாக்கல் எனப்படும் இரசாயனத் தாக்கத்தினாற் பிளாஸ்டிக்குகள் உருவாகும் முறையைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அத்தாக்கம் ஆய்வுகூடத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து யுத்தகளத்துக்கும் சந்தைக்கும் சென்ற பாதையை அவ்வினாவின் ஒளியில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் சொல்லைக் கவனிப்போம். 'பொலிமர்' என்னும் சொல்லைச் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் பேர்சீலியஸ் 1833ஆம் ஆண்டளவில் ஆக்கினார். 'பல', 'பகுதி' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. மூலகங்களின் விகிதத்தில் ஒத்தும் மூலக்கூற்று நிறையில் வேறுபட்டும் உள்ள பொருள்களையே அவர் அதனாற் குறித்தார். நீண்ட சங்கிலி என்னும் கருத்து அவருக்கு இருந்ததில்லை. இலங்கையிற் சுயமொழிவழி விஞ்ஞானக் கல்வி வேரூன்றிய காலத்தில் இச்சொல் 'பல்பகுதியம்' எனத் தமிழாயிற்று. தமிழகத்திற் 'பலபடி', 'பல்லுறுப்பி' என்பன வழங்குகின்றன. நம் கலைச்சொல் கிரேக்க மூலத்துக்கு நேரானது. ஆனால் மூலச்சொல்லின் பொருளோ அதற்குள் முற்றாக மாறிவிட்டிருந்தது. அம்மாற்றத்தின் வரலாறு பின்னர் கூறப்படும்.

பல்பகுதியங்களைக் கூட்டற் பல்பகுதியங்கள், ஒடுக்கற் பல்பகுதியங்கள் என இரு வகைப்படுத்தியவர் டூபொன் நிறுவனத்திற் பணியாற்றிய அமெரிக்கரான வலஸ் கரோதர்ஸ் ஆவார். 1929இல் அவர் இப்பாகுபாட்டை முன்வைத்தார். ஒடுக்கல் முறையில் இரு மூலக்கூறுகள் இணையுந்தோறும் நீர் போன்ற சிறு மூலக்கூறொன்று விலக்கப்படும். நைலோன் இவ்வாறு உருவாவதே. கூட்டல் முறையில் எதுவும் விலக்கப்படுவதில்லை. புகுந்த மூலக்கூறு முழுவதும் சங்கிலியின் உறுப்பாகிவிடும்.

எதிலீன் வாயுவை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் மூலக்கூற்றில் இரண்டு காபன் அணுக்களும் நான்கு ஐதரசன் அணுக்களும் உள. காபன் அணுக்கள் தமக்கிடையே இரட்டைப் பிணைப்பினைக் கொண்டுள்ளன. அவ்விரண்டனுள் ஒன்று உறுதியானது. மற்றையது எளிதிற் திறக்கக்கூடியது. சோடிசேராத இலத்திரன் ஒன்றையுடைய துணிக்கை, அதாவது சுயாதீன மூலிகம், எதிலீன் மூலக்கூறொன்றைத் தாக்கும்பொழுது அவ்விரண்டாம் பிணைப்புத் திறக்கின்றது. மூலிகம் ஒரு காபனுடன் இணைய, மற்றைய காபன் சோடிசேராத இலத்திரனுடன் எஞ்சுகின்றது. இது தொடக்கற் படியாகும். எஞ்சிய முனை அடுத்த எதிலீன் மூலக்கூற்றைத் தாக்க, அதன் முனை அதற்கடுத்ததைத் தாக்கும். இவ்வாறு நொடிப்பொழுதில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். இது பரவற் படியாகும். வளரும் இரு சங்கிலிகளின் முனைகள் சந்தித்துத் தம்முள் இணையும்பொழுதோ, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஐதரசன் அணு பெயரும்பொழுதோ வளர்ச்சி நின்றுவிடும். இது முடிவுறற் படியாகும்.

இம்முறையின் இரு பண்புகள் மனங்கொள்ளத்தக்கவை. ஒவ்வொரு மூலக்கூறு சேரும்பொழுதும் வெப்பம் வெளியேறுகின்றது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடின் எதிலீன் சிதைந்து வெடிக்கும். இது முதலாவது. கிடைக்கும் சங்கிலியின் முதுகெலும்பு முழுவதும் காபன்-காபன் ஒற்றைப் பிணைப்புகளால் ஆனது என்பது இரண்டாவது. நீரோ அமிலமோ நுண்ணுயிரோ எளிதிற் பற்றிக்கொள்ளத்தக்க இடம் அதில் இல்லை. முதற் பண்பு இத்தொழில்நுட்பத்தைப் பெருமூலதனத்தின் கைக்குட் கொண்டுசென்றது. இரண்டாவது பண்பின் பலனை இறுதியிற் காண்போம்.

3

இத்தாக்கம் 1933இல் முதன்முறையாக நிகழ்ந்ததன்று. 1839இல் எதுவார்ட் சீமோன் என்னும் பேர்லின் மருந்தாளர் மரப்பிசினொன்றிலிருந்து வடித்தெடுத்த திரவம், நாளடைவில் கூழ்போலத் தடித்துப்போயிற்று. அது இன்று பொலிஸ்ரைரீன் என அறியப்படுவது. 1872இல் ஓய்கன் பௌமான், சூரிய ஒளிபட்ட வைனைல் குளோரைட்டு வெண்ணிறத் திண்மமாவதைக் கண்டார். அது பொலிவைனைல் குளோரைட்டு. 1898இல் ஜேர்மானியரான பெக்மான் டயசோமெதேனைக் கையாண்டபொழுது மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்று கிடைத்தது. அவருடைய சக ஆய்வாளர் அதனைப் பகுப்பாய்ந்து 'பொலிமெதிலீன்' எனப் பெயரும் இட்டனர். பிறிதொரு வழியால் அடைந்த பொலித்தீனே அது.

ஆக, தற்செயல் ஒருமுறையன்றிப் பலமுறை நிகழ்ந்திருந்தது. எனினும் அப்பொருள்களை விளக்கக் கோட்பாடு இருந்ததில்லை. வேண்டிநிற்கச் சந்தையும் இருந்ததில்லை. படிகமாகாது பிசினாக எஞ்சுவதைத் தோல்வியுற்ற பரிசோதனையின் அடையாளமாகவே அக்கால இரசாயனவியலாளர் கருதினர்.

கோட்பாட்டினை அளித்தவர் ஹேர்மன் ஸ்டவுடிங்கர். சூரிச் நகரிற் பேராசிரியராயிருந்த அவர், 1920இல் வெளியிட்ட கட்டுரையில், இறப்பர், பொலிஸ்ரைரீன் போன்றவை சிறு மூலக்கூறுகளின் தளர்ந்த திரட்சிகள் அல்ல என்றும், சாதாரண இரசாயனப் பிணைப்புகளால் இணைந்த நெடுஞ்சங்கிலிகளே என்றும் வாதிட்டார். 'பருமூலக்கூறு' என்னும் கருத்து 1922 முதல் அவர் எழுத்துகளில் இடம்பெறலாயிற்று. ஆனால் பத்தாண்டுக் காலத்துக்கு அக்கருத்து ஏளனத்துக்கும் எதிர்ப்புக்கும் உள்ளாயிற்று. மூலக்கூறு என்றால் சிறியது, தூயது, நிலையான நிறையுடையது என்னும் மரபார்ந்த எண்ணம் அத்துணை வலுவுடையதாயிருந்தது. பல்பகுதியம் என்னும் சொல் இன்றைய பொருளைப் பெற்றது இவ்விவாதத்தின் ஊடாகவே. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கு மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. முதலாம் உலக யுத்தத்தின்போது நச்சுவாயுப் போருக்கெதிராக எழுதியவர் ஸ்டவுடிங்கர். 1933இல் ஃபிறைபேர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியிலிருந்த மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகர், அந்நிலைப்பாட்டைக் காட்டி அவரை நாஸி அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தார். அடுத்த ஆண்டில் அவரைப் பதவி நீக்கவும் பரிந்துரைத்தார். ஸ்டவுடிங்கர் மயிரிழையில் தப்பினார். அறிவு அதிகாரத்துக்கு அப்பாலான தூய வெளியில் வளர்வது என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தல் நன்று.

4

இனி 1933ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருவோம். பிரித்தானியாவின் நான்கு பெரும் இரசாயன நிறுவனங்கள் 1926இல் ஒன்றிணைந்து இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ரீஸ் என்னும் ஏகபோக நிறுவனமாயின. ஜேர்மனியின் ஐ. ஜி. ஃபார்பன் கூட்டிணைப்புக்கு எதிராக நிற்பதற்கே இவ்விணைப்பு ஏற்பட்டது. உலகப் பொருளாதார நெருக்கடி வந்தபின், புதிய பொருள்களைத் தேடும் ஆய்வுக்கு அது பணம் ஒதுக்கியது. செஷயர்ப் பகுதியில் வின்னிங்ரன் என்னும் இடத்திலிருந்த சோடாத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில், மிகையமுக்கத்தின் கீழ் இரசாயனத் தாக்கங்கள் எவ்வாறு நிகழ்கின்றன என்று ஆராயும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வளிமண்டல அமுக்கத்தைத் தாங்கும் உருக்குக் கலன்களும் பம்பிகளும் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மிக்கெல்ஸ் வளர்த்தெடுத்த தொழில்நுட்பத்தின் பயனாயின. எரிக் ஃபோசெற்றுடன் பணிபுரிந்த றெஜினோல்ட் கிப்சன் அத்தொழில்நுட்பத்தை அங்கேயே பயின்றவர்.

1933 மார்ச் 24ஆம் திகதி, வெள்ளிக்கிழமையன்று, அவ்விருவரும் எதிலீனையும் பென்சல்டிகைட்டையும் ஏறத்தாழ 1900 வளிமண்டல அமுக்கத்திலும் 170 பாகை வெப்பநிலையிலும் வைத்துவிட்டுச் சென்றனர். திங்கட்கிழமை கலனைத் திறந்தபொழுது, எதிர்பார்த்த தாக்கம் நிகழ்ந்திருக்கவில்லை. ஆனால் குழாயின் முனையில் மெழுகு போன்ற வெண்பொருள் படிந்திருந்தது. அதன் நிறை ஏறத்தாழ 0.4 கிராம். எதிலீன் தன்னோடு தானே இணைந்ததன் விளைவு அது என்பது பகுப்பாய்விற் தெரிந்தது. மீண்டும் செய்து பார்த்தபொழுது கலன் வெடித்தது. மேலே கூறிய வெப்பத்தின் வேலை அது. அப்பணி நிறுத்திவைக்கப்பட்டது.

1935இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஃபரடே கழகக் கருத்தரங்கில், ஸ்டவுடிங்கரும் பங்குபற்றிய அவையில், ஃபோசெற் இச்செய்தியை வெளிப்படையாகவே கூறினார். அவையினர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் பெரின், பேற்றன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் உறுதியான கருவிகளைக் கொண்டு எதிலீனை மட்டும் அமுக்கிப் பார்த்தனர். கலனில் ஒரு கசிவு ஏற்பட்டமையால் புதிய எதிலீனைச் செலுத்த வேண்டியிருந்தது. அதில் ஒட்சிசன் சிறிதளவு கலந்திருந்தது. இம்முறை 8 கிராமுக்கு மேற் கிடைத்தது. தொடக்கியாக வேண்டிய சுயாதீன மூலிகங்களைத் தருவது ஒட்சிசனே என்பதும், அதன் அளவு கூடினால் வெடிப்பும் குறைந்தால் தோல்வியும் நேரும் என்பதும் பின்னர் தெளிவாயின.

கசிவு தற்செயலானது. ஆனால் கசிவைப் பயனுடையதாக்கிய எவையும் தற்செயலானவை அல்ல. நிறுவனத்தின் மூலதனம், ஆம்ஸ்டர்டாமின் கருவி நுட்பம், அக்கருவிகளை நுண்மையாகக் கடைந்து தந்த பெயர் தெரியாத தொழிலாளரின் கைத்திறன், ஸ்டவுடிங்கரின் கோட்பாடு ஆகியன அங்கே முன்கூட்டியே கூடியிருந்தன. பெக்மானுக்கு வாய்க்காதவை இவையே. தேவை தற்செயலின் வாயிலாகவே தன்னை வெளிப்படுத்துகின்றது என எங்கெல்ஸ் வகுத்துரைத்த கருத்துக்கு இதனைக் காட்டிலும் தெளிவான உதாரணம் காண்பதரிது.

5

ஆயினும் பொருள் கிடைத்தபின்னும் அதற்கு ஒரு பயன் கிடைக்க வேண்டியிருந்தது. பயன் வந்த திசை நமக்கு ஆர்வமூட்டுவதாகும். அது கடலடித் தந்திவடங்களின் திசை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம், பிரித்தானியப் பேரரசின் நரம்புகளாய் விளங்கிய கடலடித் தந்திவடங்களுக்குக் கட்டாபேர்ச்சா என்னும் மரப்பாலே காவலியாகப் பயன்பட்டது. மலாய்த் தீவகற்பம், போர்ணியோ, சுமாத்திரா ஆகியவற்றின் காடுகளில் வளர்ந்த மரங்களை வெட்டி வீழ்த்தியே அப்பாலைச் சேகரித்தனர். ஒரு மரம் தரும் பால் சிறிதாகையால், வடங்கள் நீள நீளக் காடுகள் அழிந்தன. வேதியியல் நோக்கிற் கட்டாபேர்ச்சாவும் ஒரு பல்பகுதியமே. இறப்பரும் அதுவும் ஒரே அலகினால் ஆனவை. அணுக்கள் அமைந்த ஒழுங்கில் மட்டும் வேறுபடுபவை. வடம் செய்யும் நிறுவனமொன்றைச் சேர்ந்தோர் பொலித்தீனைப் பார்த்தவுடன் அதன் ஒப்புமையை உணர்ந்தனர். குடியேற்ற நாட்டுக் காடு அதுவரை தந்ததை இனி ஆலையே தரலாம் என்பது தெளிவாயிற்று.

வின்னிங்ரனுக்கு அண்மையில் வோலர்ஸ்கோட் என்னுமிடத்தில் அமைந்த முதலாவது பெரும் ஆலை 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி இயங்கத் தொடங்கியது. ஹிற்லரின் படைகள் போலந்துக்குட் புகுந்ததும் அதே நாளிலாகும். கடலடி வடத்துக்கென எண்ணப்பட்ட பொருள் முழுவதையும் யுத்தம் எடுத்துக்கொண்டது. உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைச் சிறிதும் வீணாக்காத காவலியாகப் பொலித்தீன் விளங்கியமையால், விமானங்களிற் பொருத்தத்தக்க இலேசான றேடார்க் கருவிகளை அமைக்க முடிந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் நீர்மூழ்கிகளை எதிர்கொள்வதற்கு அவை பெரிதும் துணைநின்றன. 1943இல் ஐக்கிய அமெரிக்காவிலும் டூபொன், யூனியன் கார்பைட் ஆகிய நிறுவனங்கள் உற்பத்தியை ஆரம்பித்தன. பிரித்தானிய நிறுவனமும் டூபொனும் காப்புரிமைகளைத் தமக்குள் பகிர்ந்து, உலகச் சந்தையைப் பிரித்துக்கொள்ளும் உடன்படிக்கையொன்றை 1929இலேயே செய்திருந்தன. அதனை அமெரிக்க நீதிமன்றம் 1951இற் சட்டவிரோதமெனத் தீர்ப்பளித்து, அடுத்த ஆண்டில் உரிமங்களைப் பிறருக்கும் வழங்குமாறு பணித்தது.

இதே தாக்கத்தின் இன்னொரு வரலாறு எதிர்ப்புறத்தில் நிகழ்ந்தது. பியூற்றடைஈன், ஸ்ரைரீன் ஆகியவற்றைக் கூட்டற் பல்பகுதியமாக்கலால் இணைத்துப் 'பூனா' என்னும் செயற்கை இறப்பரை ஐ. ஜி. ஃபார்பன் செய்துவந்தது. அவுஷ்விட்ஸ் வதைமுகாமை அண்டி மொனோவிட்சில் அந்நிறுவனம் ஒரு பூனா ஆலையைக் கட்டத் தொடங்கியது. கைதிகளின் உழைப்பினை நாட்கணக்கில் வாடகைக்குப் பெற்றது. பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். இறுதிவரை அவ்வாலையிலிருந்து செயற்கை இறப்பர் வெளிவரவேயில்லை. விமானத்திற் பொருத்திய றேடாருக்கும் மொனோவிட்சின் கல்லறையற்ற பிணங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே இரசாயன நியதி. நியதி தனக்குரிய சமூகப் பயனைத் தானே தெரிவுசெய்வதில்லை.

1942இல் மலாயா யப்பானிடம் வீழ்ந்தமையால் நேச நாடுகளின் செயற்கை இறப்பர் உற்பத்தியும் மிகவிரைவாக வளர்ந்தது. அக்காலத்தில் எஞ்சியிருந்த இயற்கை இறப்பருக்கு இலங்கையே முக்கிய ஊற்றாயிற்று. இங்குள்ள தோட்டங்களில் மரங்களின் ஆயுளைப் பொருட்படுத்தாது பால் வெட்டப்பட்டது. யுத்தம் முடிந்தபின், அதே தோட்டங்கள் செயற்கை இறப்பருடன் போட்டியிட வேண்டியனவாயின. கட்டாபேர்ச்சாக் காடுகளுக்கு நேர்ந்ததும், இறப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கு நேர்ந்ததும் ஒரே போக்கின் இரு கட்டங்களாம். குடியேற்ற நாட்டின் மூலப்பொருளை உறிஞ்சிய மூலதனம், வசதி வந்தபொழுது அதனைத் தன் ஆய்வுகூடத்தில் ஆக்கிக்கொண்டது.

6

யுத்தத்தின் பின்னர் வந்த வளர்ச்சியையும் இங்கு நோக்க வேண்டும். மிகையமுக்க முறையில் வளரும் சங்கிலியின் முனை, சிலவேளை பின்னோக்கி வளைந்து தன் உடலிலிருந்தே ஐதரசன் அணுவைப் பறித்துக்கொள்ளும். அதனாற் கிளைகள் தோன்றும். கிளைத்த சங்கிலிகள் நெருங்கி அடுங்கா. எனவே அப்பொலித்தீன் தாழடர்த்தி உடையதாயும் மென்மையாயும் அமைந்தது.

ஜேர்மனியின் றூர்ப் பிரதேசத்தில், மூல்ஹைம் நகர நிலக்கரி ஆய்வு நிலையத்தின் பணிப்பாளராயிருந்த கார்ல் சீக்ளர், அலுமினியச் சேர்வைகளுடன் எதிலீன் கொள்ளும் தாக்கத்தை ஆராய்ந்துவந்தார். ஒருமுறை சங்கிலி வளராது தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. கலனில் எஞ்சியிருந்த நிக்கலின் சுவடே அதற்குக் காரணம் எனக் கண்டதும், ஏனைய உலோகங்கள் என்ன செய்யும் என்று அவரும் அவர்தம் மாணவரும் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். 1953இன் பிற்பகுதியில், தைத்தேனியம் நாற்குளோரைட்டைச் சேர்த்தபொழுது, சாதாரண வளிமண்டல அமுக்கத்திற் கண்ணாடிக் கலனிலேயே பொலித்தீன் உருவாயிற்று. இங்கே சங்கிலி திறந்த வெளியில் வளராது உலோக அணுவினைப் பற்றிக்கொண்டு வளர்கின்றது. ஒவ்வோர் எதிலீனும் உலோகத்துக்கும் சங்கிலிக்கும் இடையே புகுகின்றது. ஆகவே கிளைகள் அரிதாகி, உறுதியான உயரடர்த்திப் பொலித்தீன் கிடைக்கின்றது.

அடுத்த ஆண்டில் மிலான் நகரில் ஜூலியோ நற்றா இம்முறையைப் புரொப்பிலீனுக்குப் பிரயோகித்து, பக்கக் கூட்டங்கள் யாவும் ஒரே ஒழுங்கில் அமைந்த பல்பகுதியத்தைப் பெற்றார். அவ்வொழுங்குகளுக்குக் கிரேக்க வேர்ச்சொற்களிலிருந்து பெயர் அமைத்துத் தந்தவர் அவருடைய துணைவியாரும் இலக்கியப் பட்டதாரியுமான றோசிற்றா பெயாற்றி ஆவார். மொழிப்புலமை விஞ்ஞானத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். சீக்ளரும் நற்றாவும் 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் அமெரிக்காவின் பிலிப்ஸ் பெற்றோலிய நிறுவனத்தினர் 1951இலேயே வேறோர் ஊக்கியால் இத்தகைய விளைவுகளை அடைந்திருந்தனர். படிகப் பொலிபுரொப்பிலீன் யாருக்குரியது என்னும் வழக்கு 1980கள் வரை நீண்டது. சமூகத்தின் கூட்டுழைப்பாற் பெற்ற அறிவு தனியுடைமையாகும்பொழுது நேரும் முரண்பாடு இதுவே.

அந்நிறுவனம் தன் புதிய பொலித்தீனுக்கு ஏற்ற சந்தையின்றி இடர்ப்பட்டபொழுது, 1958இற் பரவிய இடுப்பு வளைய விளையாட்டே களஞ்சியத்திலிருந்த சரக்கைக் கரைத்தது. முன்னர் தேவை பொருளைத் தேடியது. இப்பொழுது பொருள் தேவையைத் தேடி அலைந்தது. எண்ணெய் சுத்திகரிப்பின் விளைபொருளாக எதிலீன் மலிந்தபின்னர், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களே அவ்வளர்ச்சியைத் தாங்கும் சந்தையாயின. சோஷலிச முகாமும் இம்மயக்கத்துக்கு விலக்காயிருக்கவில்லை என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். 1958இல் கிழக்கு ஜேர்மனியின் லொய்னா மாநாடு, இரசாயனவியல் உணவும் வளமும் அழகும் தரும் என்று பிரகடனம் செய்தது. எஞ்சுவது எங்கே செல்லும் என்னும் வினா அங்கும் எழவில்லை.

7

பல்பகுதியத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் ஆலைகளில் உழைத்தோரை மறந்துவிடுதல் வழக்கம். பொலிவைனைல் குளோரைட்டு ஆலைகளிற் பல்பகுதியமாக்கல் முடிந்தபின், கலனின் உட்சுவரில் ஒட்டிய படிவைத் தொழிலாளர் உள்ளே இறங்கிச் சுரண்டி அகற்றினர். சங்கிலியிற் சேராது எஞ்சிய வைனைல் குளோரைட்டு வாயுவை அவர்கள் சுவாசித்தனர். 1974 சனவரியில், அமெரிக்காவின் லூயிவில் நகரிலிருந்த குட்றிச் நிறுவன ஆலையின் தொழிலாளர் சிலர் ஈரலில் தோன்றும் மிக அரிதான புற்றுநோயால் மடிந்தமை வெளியாயிற்று. இவ்வாயு எலிகளிற் புற்றுநோயை உண்டாக்குவதை இத்தாலிய ஆய்வாளர் மல்ரோனி முன்னரே கண்டிருந்தார். அச்செய்தி நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தும் தொழிலாளருக்குக் கூறப்படவில்லை. பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்த வாயுவின் அளவு, அதன் பின்னர் 1 பங்காகக் குறைக்கப்பட்டது. அதனால் தொழிலே அழியும் என்று உற்பத்தியாளர் முறையிட்டனர். தொழில் அழியவில்லை, மூடிய கலன்களும் தாமே கழுவும் கருவிகளும் வந்தன. செய்யத்தக்கதாயிருந்தும் செய்யப்படாதிருந்தது என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

கூட்டற் தாக்கத்தில் எதுவும் விலக்கப்படுவதில்லை என்று முன்னர் கண்டோம். இரசாயனச் சமன்பாட்டில் அது உண்மை. சமூகத்தின் சமன்பாட்டிலோ நிலைமை வேறு. 1950இல் உலகம் ஏறத்தாழ 20 இலட்சம் தொன் பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்தது. 2015 வரை உற்பத்தியானது ஏறத்தாழ 830 கோடி தொன் என்று 2017இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அதிற் கழிவாகிவிட்ட 630 கோடி தொன்னில் மீள்சுழற்சிக்கு உள்ளானது நூற்றுக்கு 9 பங்கு மட்டுமே. நல்ல காவலிக்கு வேண்டிய அழியாமை, ஒருநாட் பைக்கு வேண்டாத அழியாமையாயிற்று.

இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நம் கரையிலேயே எழுதப்பட்டது. ஆலையில் உருவாகும் பொலித்தீன் சிறு மணிகளாகவே உலகச் சந்தைக்குச் செல்கின்றது; அவற்றை உருக்கியே பைகளும் போத்தல்களும் செய்யப்படுகின்றன. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பலிற் தீப்பற்றியது. அடுத்த மாதத்தில் அது மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிற் கலந்தன. மேற்குக் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. நீர்கொழும்பு மீனவர் தம் தொழிலை இழந்து கரையில் நின்றனர். கடற்கரை மணலை அரித்து மணிகளைப் பொறுக்கும் வேலை நெடுநாள் தொடர்ந்தது. 2025 யூலையில் நம் உயர் நீதிமன்றம், கப்பலின் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அம்மணிகளை உற்பத்தி செய்ததிலோ, அவற்றின் இலாபத்திலோ அம்மீனவருக்கு எவ்விதப் பங்கும் இருந்ததில்லை.

8

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். எதிலீன் சங்கிலியாவது இயற்கை நியதி. அதனை எவரும் மாற்றவியலாது. அச்சங்கிலியை ஆக்கும் வல்லமை 1898இல் உறங்கியும், 1933இல் விழித்தும், 1939இல் விரைந்தும் வந்தமை சமூக நியதியின் பாற்பட்டது. தற்செயல் விதையாகலாம். நிலமும் நீரும் உற்பத்தி உறவுகளே. பிளாஸ்டிக்கைச் சாபமென்று பழிப்பதும், வரமென்று போற்றுவதும் ஒரே தவறின் இரு பக்கங்களாகும். இரண்டும் பொருளையே குற்றவாளியாகவோ கொடையாளியாகவோ கண்டு, அதன் பின்னுள்ள மனித உறவுகளைக் காணத் தவறுகின்றன. இரத்தம் ஏற்றும் குழாயும் ஒருநாட் பையும் கூட்டற் பல்பகுதியமாக்கலின் விளைவுகளே. எதனை எவ்வளவு, யாருக்காகச் செய்வது என்று தீர்மானிப்போர் யார் என்பதே பிரதான வினா.

அவ்வினாவை எழுப்புவதற்கு அறிவு வேண்டும். பல்பகுதியம் என்னும் சொல் நம் பாடநூல்களில் மனனஞ் செய்யும் கலைச்சொல்லாகவே இன்றும் இருக்கின்றது. அது மணலிற் குனிந்து மணி பொறுக்கிய மீனவப் பெண்ணுக்கும் உரிய சொல்லாக வேண்டும். தன் கரைக்கு வந்த பொருள் எங்கே, எதற்காக, எவர் நலனுக்காகப் பிறந்தது என்று அவள் அறியும்போதே தமிழில் விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதென நாம் கூறலாம். அதற்கான பணியிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.